மாஸ்டர் தேர்ந்து கொடுத்த பெடல்

சென்னையில் ஒரு இசைக்கருவிக் கடைத் தரையில் மாஸ்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சின்ன இரும்புப் பெட்டியின் குமிழைக் கட்டை விரலால் திருகுவார். நான் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை ஒருமுறை மீட்டுவேன். அவர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக் கேட்பார். கோயிலில் தீபாராதனை காட்டும்போது நாம் நிற்போமே, அப்படி ஒரு கவனம் அந்த முகத்தில். அந்த முகத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

திருத்தணியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. மாஸ்டர் கீபோர்டு வாசித்து நடத்திய பக்தி இசைக்குழுவில் பதினோரு வருடம் பேஸ் கிட்டார் வாசித்தேன். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்த் திருவிழா என்றாலும் எங்கள் குழுவைத்தான் கூப்பிடுவார்கள். மேடை ஏறும் முன் கிட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா, இது உனக்கு" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். ஆனால் ஒரு குறை இருந்தது. கச்சேரி முடிந்து வருகிறவர்கள் பாடகரைப் புகழ்வார்கள், தபேலாவைப் புகழ்வார்கள். என் வாசிப்பைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரியே ஒருநாள், "நீங்க வாசிச்சீங்களா, இல்ல சும்மா கிட்டார மாட்டிகினு நின்னுகினு இருந்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சத்தம் பத்தவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வால்யூம் பூஸ்ட் பெடல் என்று ஒன்று உண்டு. கிட்டாரிலிருந்து வரும் ஒயரை அதில் செருகி, அங்கிருந்து காலடியில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டிக்கு, அதாவது ஆம்புக்கு, கொண்டுபோக வேண்டும். காலால் ஒரு மிதி மிதித்தால் சத்தம் ஏறும். வாங்கலாமா என்று மாஸ்டரைக் கேட்டேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "ஆங், வாங்கலாம்பா. நானே கூட வரேன். நீ தனியா போனா கடைக்காரன் கண்டத உன் தலையில கட்டிடுவான்" என்றார். எவ்வளவு பெரிய மனது என்று நினைத்தேன். அரக்கோணம் போய் ரயில் மாறி இரண்டு பேரும் போனோம். வழியெல்லாம் வேர்க்கடலை உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார்.

கடையில் நான்கு பெடல்களைப் பார்த்தோம். முதலாவது சாதாரண கிட்டாருக்குச் செய்தது. சத்தம் ஏறியது, ஆனால் பேஸுக்கு உயிரே அடிக்கம்பியின் ஆழம், அது காணாமல் போயிற்று. "அடிவயிறே இல்லாம பேசறான் பாரு" என்றார் மாஸ்டர். இரண்டாவது, கொஞ்சம் திருகினதுமே கரகரத்தது. "இது சினிமாப் பாட்டுக்கு ஆவும். சாமி பாட்டுக்கு ஆவாது." மூன்றாவதில் ஆறு குமிழ்கள். எனக்கு அதன்மேல்தான் ஆசை. "மேடையில குமிழத் தேடிகினு இருப்பியா, பாட்ட வாசிப்பியா?" என்று சிரித்தார். நான்காவதில் ஒரே ஒரு குமிழ். மிதித்ததும் என் சத்தம் மாறாமல், அதே சத்தமாகவே பெரிதாக வந்தது. மாஸ்டர் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதான். இதுல நீ நீயாவே இருக்குற. எடுத்துக்கோ நைனா" என்றார். கடைக்காரர், "அப்பாவா சார்?" என்று கேட்டார். "அப்பா மாதிரி" என்றேன். மாஸ்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பெடலைத் தானே அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வாங்கினாலும், மிக்சியோ சைக்கிளோ, மலைக்குக் கொண்டுபோய்ச் சன்னதியில் வைத்து எடுத்த பிறகுதான் கை வைப்போம். பெடலையும் கொண்டுபோனேன். குருக்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாதுப்பா இது, எலிப் பொறியா?" என்று கேட்டு, சிரித்தபடியே சந்தனம் வைத்துக் கொடுத்தார். என் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். மாஸ்டர் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அவருக்கும் செய்தேன்.

அடுத்த வாரம் பொதட்டூர்பேட்டையில் அம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் நான்கு மணிக்கு மேடையில் சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மாஸ்டரும் மற்றவர்களும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கூட வந்திருந்த வீட்டுக்காரியை, ஜனங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியருகே போய் நிற்கச் சொன்னேன். நான் பெடலை மிதித்து வாசித்தேன். என் காலடியில் இருந்த ஆம்ப் அதிர்ந்தது. அவள் கையை விரித்தாள். குமிழை இன்னும் திருகினேன். பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வரலீங்க. மேடை மேல இருந்துதான் கேக்குது, இதுல இல்ல" என்று கத்தினாள்.

எல்லாக் கருவிகளின் ஒயரும் வந்து சேரும் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த மைக்செட் பாயிடம் ஓடினேன். பல வருடமாக எங்கள் கச்சேரிக்கெல்லாம் அவர்தான் மைக்செட். ஒயர் போயிருக்குமோ என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒயர்லாம் நல்லாத்தாண்ணே இருக்குது."

"அப்புறம் ஏன் பாய் வெளிய வரல?"

"எப்ப வந்துது, இப்ப வர்றதுக்கு? உங்க லைன வெளிய வுடாதன்னு மாஸ்டர் மொதல்லயே சொல்ட்டாரு. பேஸு அவரு கீபோர்டுல இடது கையில வாசிச்சுக்குவாரு. உங்க சத்தம் உங்க ஆம்போட சரி." பிறகு அவரே தாங்காமல் சொன்னார்: "பெடல் வாங்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டப்பவே சொல்லியிருக்கணும்ண்ணே. மாஸ்டரே கூட வராருன்னாங்க. எனக்கு வாய் வரல."

பதினோரு வருடம். நான் நின்ற இடத்தில் எனக்கு மட்டும் கேட்டிருக்கிறது. அன்று எப்படி மேடை ஏறினேன் என்று தெரியவில்லை. பாயிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். முதல் பாட்டுக்கு மட்டும் என் லைனை வெளியே விடு, அதை உன் போனில் பதிவு பண்ணிக் கொடு. பாய் செய்தார். பிள்ளையார் பாட்டு ஆரம்பித்ததும் என் சத்தம் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, பாயைத்தான் பார்த்தார். இரண்டாவது பாட்டில் மறுபடி அடங்கிப்போனேன்.

மறுநாள் காலை வேனிலேயே உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அது நன்றாக இல்லை. ஒவ்வொரு அடியிலும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுந்துகொண்டிருந்தேன். மாஸ்டரின் இடது கை விழுந்த பிறகு, அதைக் கேட்டுவிட்டு விழுகிறது என் விரல். பெடல் அந்தப் பிழையைப் பெரிதாக்கித் தெருவுக்கே காட்டியிருந்தது.

நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாய் சொல்லிவிட்டார் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். "உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

"நான் பின்னாடி வரேனா மாஸ்டர்?"

"ஆங், வர. மொத வருசத்துலர்ந்தே வர."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிப்பா சொல்றது? நீ பாட்டுக்குக் கிட்டாரத் தொட்டுக் கும்புட்டுகினு வந்து நிப்ப. மனசு வரல." இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். "பேனர்ல பத்து பேர்னு போட்டுக்கறோம். மேடையில பத்து தலை தெரியணும் இல்ல?"

"அப்போ அந்தக் கடையில..."

"ஆசப்பட்ட. நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு வந்தேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வஞ்சம் இல்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. என்னைத் திட்டியிருக்கலாம். விரலைத் தட்டி, "முன்னாடி வாடா" என்று சொல்லியிருக்கலாம். தபேலாக்காரரை ஜனங்களுக்கு எதிரிலேயே திட்டியிருக்கிறார், அவர் இன்று எங்கெங்கோ போய் வாசிக்கிறார். திட்டு வாங்கக்கூட எனக்குத் தகுதியில்லை என்று முதல் வருடமே முடிவு கட்டிவிட்டுத்தான் எனக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்திருக்கிறார். கருணை என்று அவர் நினைத்தது, திருந்த எனக்கு இருந்த பதினோரு வருடத்தையும் தின்றுவிட்டது.

குழுவை விட்டுவிட்டேன். "ஜனங்களுக்குக் கேக்கலன்னா இன்னா, முருகனுக்குக் கேட்டிருக்கும்" என்று வீட்டுக்காரி சொல்வாள். கேட்டிருக்கும், சந்தேகமில்லை. பின்னால் விழுந்ததும் சேர்த்துத்தானே கேட்டிருக்கும்.

இப்போது தினமும் வேன் எடுக்கும் முன், போனில் தாளத்தைத் தட்டவிட்டு ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். இரண்டு வருடமாகிறது. வாசித்ததைப் பதிவு செய்து நானே கேட்கிறேன். ஆறேழு மாதமாக விரல் தாளத்தின்மேலேயே விழுகிறது. இதைக் கேட்டுச் சொல்லத் தெரிந்த காது இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

போன கிருத்திகைக்கு மலைப்படி ஏறும்போது மாஸ்டர் எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தார். இளைத்துவிட்டார். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினார். என்னைக் கண்டதும் என் வலது கையைப் பிடித்து, விரல்நுனிகளைத் தடவினார். தினம் கம்பி மீட்டுகிறவனுக்குத்தான் அங்கே தோல் காய்த்திருக்கும். அது அவருக்குத் தெரியாததா?

"வாசிக்கிறியாப்பா?" என்றார். அந்தக் கண்ணில் இருந்தது ஆசையா குற்ற உணர்வா, நான் பார்க்கவில்லை.

"இல்ல மாஸ்டர். வுட்டுட்டேன்" என்றேன்.

கையை மெதுவாக விட்டார். நான் மேலே ஏறிப்போனேன். சன்னதியில் நின்று குடும்பத்துக்கு வேண்டிக்கொண்டேன், அவர் உடம்புக்கும் வேண்டிக்கொண்டேன். படியில் சொன்ன பொய்க்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.