எண்பதைத் தாண்டினால் இடறும் கார்

டாக்டரின் கார் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. வேகமுள் எண்பதைத் தாண்டினால் இன்ஜின் மிஸ் அடித்தது. ஆரப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் இடம் காலியாக இருந்த மாதம் அது. பதினோரு வருட சர்வீஸ் எனக்கு. என்னோடு வேலை பார்த்த மெக்கானிக் சிக்கந்தருக்கு நான்கு.

நான் நாலு பிளக்கையும், காயிலையும், கன்டென்சரையும் மாற்றியிருந்தேன். பிளக்கில் பொறி விழத் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகடு வைத்து ஆறு தடவை அளந்திருந்தேன். நான் மாட்டிய பாயிண்ட் செட் மட்டும் பழையது. வேறு வண்டிகளில் கழற்றியதை அரத்தால் தேய்த்து, என் டப்பாவில் சேர்த்து வைத்தவற்றில் ஒன்று.

“அம்புட்டுக் கணக்கு போடுறீரு, வண்டி ஓடலையேய்யா” என்றார் முதலாளி. “சிக்கந்தரு, நீ பாரு.”

எனக்கு வயிறு எரிந்தது. நானும் வருவேன் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். டாக்டர் ஓட்டினார். வாடிப்பட்டி ரோட்டில் எண்பத்திரண்டில் இன்ஜின் இடறியது.

“நிறுத்துங்கய்யா” என்றான் சிக்கந்தர். பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை நகத்தால் இழுத்துப் பார்த்தான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மூவாயிரத்து ஐநூறு சுற்றில் பாயிண்ட் நிமிடத்துக்கு ஏழாயிரம் தடவை திறந்து மூட வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு மூட முடியாது. ஷெட்டில் நான் இரண்டாயிரத்துக்கு மேல் முறுக்கிப் பார்த்ததே இல்லை.

என் அரத்தின் கீறல் அவனுக்குத் தெரியும். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து புது செட்டை எடுத்து மாட்டினான். பதினான்கு நிமிட வேலை. கார் தொண்ணூறில் வழுக்கிக்கொண்டு போனது.

“என்னப்பா கோளாறு?” என்றார் டாக்டர்.

“கன்டென்சருங்கய்யா. புதுசே படுத்துருச்சு. அதுக்கு அண்ணே என்ன செய்வாரு?”

முதலாளியிடமும் அதையே சொன்னான். சீனியாரிட்டிப்படி ஃபோர்மேன் நாற்காலி எனக்கு வந்தது. அதில் உட்கார்ந்த பிறகு பொறாமை கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த நகம் எனக்கு இல்லை. அந்த மனசும் இல்லை.

இப்போது வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டே சொல்வேன். புகார் எந்த வேகத்தில் வந்ததோ, அந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அளக்க முடிந்ததை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

ஃபோர்மேன் ஆன முதல் நாளே டப்பாவிலிருந்த நாற்பத்தொரு பழைய செட்டையும் குப்பையில் கொட்டினேன்.

“ஏண்ணே, நல்லதும் அதுல கெடக்குமே?” என்றான் சிக்கந்தர்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “வேலையப் பாருடா” என்றுதான் வந்தது.