வீட்டுத் தலைவரின் கடவுச்சொல்

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக் கணினி அக்காவிடம் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. அவள் முன்பள்ளி ஆசிரியை. பட்டயப் படிப்பின் கடைசிப் பரீட்சை சனிக்கிழமை காலை, இணையவழியில். அதற்கென ஒரு செயலியைக் கணினியில் நிறுவ வேண்டும், நிறுவ நிர்வாகி அனுமதிக்க வேண்டும். போன தடவை காய்ச்சலில் படுத்துப் பரீட்சையைத் தவறவிட்டிருந்தாள். இந்தத் தடவையும் தவறினால் பாடம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். பட்டயம் கையில் இல்லாவிட்டால் வரும் ஆண்டு அவளுடைய வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும் என்றும் முன்பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

நான் மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பவள். என் மடிக்கணினியைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அது அலுவலகத்தினுடையது, வெளிச் செயலி எதையும் ஏற்காது. அதில் நானே சாதாரணப் பயனர்தான்.

வீட்டுக் கணினியைத் திறந்தால் நான்கு கணக்குகள் தெரியும்: அப்பா, அக்கா, அத்தான், வீட்டுத் தலைவர். முதல் மூவரும் சாதாரணப் பயனர்கள். நான்காமவர்தான் நிர்வாகி. அவர் யார் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சீதனம். அத்தான் கதிரவெளியிலிருந்து எங்கள் ஊரான தன்னாமுனைக்கு வந்தபோது அப்பா தன் கட்டிலையும் வானொலியையும் பின்னறைக்கு மாற்றிக்கொண்டார். வீட்டை ஒப்படைத்தவர் கணினியை மட்டும் எப்படி வைத்திருப்பது? அத்தானுக்கு ஒரு கணக்குத் திறந்து, அதை நிர்வாகியாக்கி, தன்னைச் சாதாரணப் பயனராக இறக்கிக்கொண்டார். அத்தான் மருந்துக் கடையில் கணினியில் பில் போடுகிறவர். உள்ளே நுழைந்ததும் நடந்ததைக் கண்டுகொண்டார். மாமாவுக்கு மேலே மருமகன் நிர்வாகியாக இருப்பது அழகா? உடனே மாமாவுக்கென்று 'வீட்டுத் தலைவர்' என்ற பெயரில் புதிய நிர்வாகிக் கணக்கைத் திறந்து, தன்னையும் இறக்கிக்கொண்டார்.

புதிய பெயரைக் கண்ட அப்பா, மருமகன் பொறுப்பை முறைப்படி ஏற்றுக்கொண்டார் என்று மகிழ்ந்தார். மாமா அந்தக் கணக்கைத்தான் பாவிக்கிறார் என்று அத்தான் நம்பினார். இரண்டு வருடமாக இருவரும் அதைத் தொடாமல் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

இதை ஒரு நிமிடப் பேச்சில் தீர்த்திருக்கலாம். ஆனால் மாமனும் மருமகனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. கோபமில்லை, அதுவும் மரியாதைதான். அன்று அப்பா கதிரையில் இருந்தார், அத்தான் எதிரே நீள வாங்குப் பலகையில். இடையில் ஒரு முக்காலிதான்.

"அந்தப் பாஸ்வேர்ட் என்னெண்டு மருமகனுக்கிட்டக் கேளு," என்றார் அப்பா, அம்மாவிடம்.

"கேட்டதா புள்ள? பாஸ்வேர்ட்டாம்," என்று அம்மா அக்காவிடம் கைமாற்றினாள்.

அக்கா அத்தானைப் பார்த்தாள். "பாஸ்வேர்ட் என்னவாம்?"

"அது மாமாட கணக்கு. மாமாவுக்குத்தான் தெரியும் எண்டு சொல்லு."

பதில் அதே வழியால் திரும்பிப் போனது. "என்ட கணக்கா?" என்றார் அப்பா. "தலைவர் எண்டெல்லோ போட்டிரிக்கு. நான் எங்க தலைவர்? எல்லாத்தையும் அவருக்குக் குடுத்திட்டன் எண்டு சொல்லு."

"அப்பா, அவர் உங்களுக்கு முன்னாலதான் இரிக்கார்," என்றேன்.

"ஓம் புள்ள, தெரியும்."

தொடர்ந்த விசாரணையில், கணக்கைத் திறந்த நாளில் அத்தான் ஒரு கடவுச்சொல் போட்டார் என்பதும், அதை மாமாவிடம் சேர்க்கும்படி அக்காவிடம் சொன்னார் என்பதும் வெளிவந்தன.

"கல்யாண வீட்டுச் சனம் நிறைஞ்ச நேரம் காதுக்குள்ள வந்து சொன்னா எனக்கு ஞாபகம் இரிக்குமா?" என்றாள் அக்கா.

"எனக்கும் ஞாபகமில்ல. மாமா எப்படியும் மாத்துவார் எண்டு நினைச்சன். அவர்ர பிறந்த வருஷம் ஏதும் போட்டனோ தெரியா."

"அது எந்த வருஷம்?" என்று கேட்டேன். அத்தானுக்குத் தெரியவில்லை. அவர் அக்காவைக் கேட்க, அக்கா அம்மாவைக் கேட்க, அம்மா அப்பாவைக் கேட்டாள். அப்பா, பதிந்த வருடம் ஒன்று, உண்மையான வருடம் வேறு, மருமகனுக்கு எது வேண்டுமாம் என்று கேட்டனுப்பினார். இரண்டையும் போட்டோம். கல்யாண நாளைப் போட்டோம். ஊர்களின் பெயர்களைப் போட்டோம். கடைசியில், அதிகம் முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று கணினி எங்களை வெளியே நிறுத்தியது. அந்த அளவுக்குத் தெளிவாக அன்று வேறு யாரும் பேசவில்லை.

வழிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நகரத்தில் திருத்தும் கடை: திங்கட்கிழமைதான் தருவார்களாம். கோப்புகளை வைத்துக்கொண்டு கணினியைப் புதுப்பிப்பது: அதற்கும் நிர்வாகி வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது: யாருடைய அனுமதியும் தேவையில்லை. உள்ளே ஓர் எழுத்தை மாற்றக்கூட அனுமதி கேட்கிற கணினி, தன்னை அடியோடு அழிக்க மட்டும் எவரையும் விடுகிறது.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். ஒவ்வொருவருடைய கோப்புகளையும் வெளியே எடுத்து வைத்தேன். அக்காவின் குறிப்புகள், அப்பா வயலில் எடுத்த வட்டைப் படங்கள், ஒரே நெல் வேளாண்மை ஒரே பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கில். பிறகு அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். அது மழைக்காலம். இடையில் மின்சாரம் நின்றால் கணினி எழும்பாமலே போகலாம், பரீட்சையும் அதோடு போய்விடும். அக்கா குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல், ஒவ்வொரு இடிக்கும் மின்குமிழைப் பார்த்தாள். அம்மா தண்ணீர் மோட்டாரைப் போடவே விடவில்லை. இரண்டு ஆண்களும் அவரவர் இருக்கையில் காத்திருந்தார்கள், வைத்தியசாலை வாசலில் போல.

மின்சாரம் நிற்கவில்லை. பிற்பகலில் புதிய திரை வந்தது. இந்தக் கணினியை யார் பாவிக்கப் போகிறீர்கள் என்று கேட்டது. முதலில் எழுதப்படும் பெயர்தான் நிர்வாகி என்று அறிவித்தேன். அறிவித்திருக்கக் கூடாது.

"மருமகன்ட பேரைப் போடு," என்றார் அப்பா.

"மாமா இரிக்கக்குள்ள என்ட பேரோ? மாமாட பேரைப் போடச் சொல்லு," என்றார் அத்தான்.

"அவர் வாழ வந்த ஆள் எண்டு சொல்லு."

"பெரியவர் அவர்தானே எண்டு சொல்லு."

அம்மாவின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. மறுபடியும் வானம் இடித்தது. அக்கா என்னைத் தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்தாள். தன் பெயரை எழுதினாள். கடவுச்சொல்லைத் தட்டும்போது மறுகையால் விசைப்பலகையை மறைத்தாள், என்னிடமிருந்தும்.

"எனக்கு நாளைக்குச் சோதின," என்றாள். "மறுகா ரெண்டு பேரும் ஆறுதலாக் கதைச்சு முடிவெடுங்க."

இருவருக்கும் அதில் பெரிய நிம்மதி. ஒருவருக்கு மேல் மற்றவர் இல்லை. செயலி நிறுவப்பட்டது. நான் செய்த வேலை அடுத்தடுத்துப் பொத்தான்களை அழுத்தியது மட்டுமே.

பரீட்சை நேரத்தில் அந்தச் செயலிக்கு வேறு குரலோ சத்தமோ கேட்டால் விடைத்தாளை ரத்துச் செய்வார்கள். அதனால் சனிக்கிழமை காலை அம்மா தேங்காய் திருவவில்லை. மீன்காரர் ஒலிப்பான் அடித்துக்கொண்டு வருவார் என்பதால் அப்பாவும் அத்தானும் வேலிப் படலையில் காவலுக்கு நின்றார்கள். நான் வீட்டு வாசலில் நின்றேன். இருவரும் ஒன்றாகக் கையை உயர்த்தியதைக் கண்ட மீன்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"ஆரு மோசம் போன?" என்று சாவு வீட்டில் கேட்பதுபோல் மெல்லக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல. மகள் சோதின எழுதுறா," என்றார் அப்பா. பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். செய்தி கொண்டுபோக அங்கே பெண்கள் யாரும் இல்லை. "மருமகன், கெளுத்தி எடுப்பமா?"

அத்தான் சற்றுத் தயங்கினார். "அது சேத்து மணம் மாமா."

"வாவி மீனுக்கு மணமா? ஆரு சொன்ன?"

"கதிரவெளியில நாங்க அதத் தொடமாட்டம் மாமா."

குரல்கள் உயரத் தொடங்கியதால் நான் ஓடிப்போய் இருவரையும் வீதிக்கு அப்பால் அனுப்பினேன். அங்கே நின்று கைகளை ஆட்டி ஆட்டித் தொடர்ந்தார்கள். மீன்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒலிப்பான் அடிக்காமல் போனார்.

அக்கா வெளியே வந்தபோது அவர்கள் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா மெல்ல அருகே வந்தார். "புள்ள, இனி அந்தக் கம்பியூட்டர்ல நான் பேப்பர் வாசிக்கலாமா?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அக்கா சாப்பிடப் போனாள்.