இரண்டாம் ஷெட்டின் டைமர்

என் மேஜை மீது ஒரு பழைய டைமர் இருக்கிறது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. நடுவில் இருபத்து நான்கு மணி நேரத்தையும் காட்டும் வட்டத் தகடு, அதன் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள். எந்த நேரத்தில் விளக்கு எரிய வேண்டுமோ அந்த நேரத்துப் பற்களை அழுத்தி வைத்துவிட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். என் அப்பா அப்படித்தான் நம்பினார். நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஓடுதுங்களா மேடம்?" என்பார்கள். கரண்ட் இருந்தால் ஓடும் என்பேன். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு கோழி ஷெட்டுகள் இருந்தன. முதல் ஷெட்டை ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டார். அதன் ஓரத்திலேயே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார். இரண்டாம் ஷெட்டைப் பார்த்தவர் என் தோழியின் அம்மா. காலை ஆறரைக்கு வருவார், மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். நானும் தோழியும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றதும் பாதி வகுப்பு சோடா உப்பை வைத்து எரிமலை செய்யக் கிளம்பிவிட்டது. எங்களுக்குத்தான் ஆயிரக்கணக்கில் கோழிகள் இருந்தனவே! அப்பா புதிதாக வாங்கிய தீவனத்தை முதல் ஷெட்டுக்கும் பழையதை இரண்டாம் ஷெட்டுக்கும் போடச் சொல்லி, இரண்டு வாரம் முட்டை எண்ணினோம். முப்பது முட்டை பிடிக்கும் அட்டையில் முதல் ஷெட்டில் தினமும் நான்கைந்து அட்டை கூடுதலாக வந்தது. புதிய தீவனமே சிறந்தது என்று சார்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை எல்லாம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த மாதத் தேர்வில்தான் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அது விடைத்தாளுக்கானது, எங்கள் ஷெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சார்ட்டைப் பார்த்து மகிழ்ந்த அப்பா இரண்டு ஷெட்டுக்கும் புதிய தீவனத்தையே போடச் சொன்னார். பத்து நாள் ஆகியும் இரண்டாம் ஷெட்டில் முட்டை ஏறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "தீவனம் ஒண்ணு, கோழி ஒரே பேட்சு, தண்ணி ஒரே தொட்டி. அப்பறம் ஆளுதான வேற? அந்தப் பொம்பள சரியாப் பாக்கறதில்ல. நம்ம புள்ளயோட சார்ட்டுலயே தெரியுதே. மாசம் முடியட்டும், வேற ஆளப் போட்டுக்கறேன்." வாசலில் தோழி அதே சார்ட்டுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த ஸ்கெட்ச் பேனா அப்படியே நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் சம்பாதிப்பது அந்த அம்மா ஒருவர்தான். நான் எழுந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் தோழி நேராக அப்பாவிடம் போய் நின்றாள். கோழிப் பண்ணைக்காரர் யாரிடமும் ஒரு பெண்பிள்ளை அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

"ஏனுங்கய்யா, ஆளுதான் காரணம்னா, ரெண்டு பேரையும் பத்து நாளைக்கு மாத்தி வுட்டுப் பாருங்க. பெரியவரு ரெண்டாவது ஷெட்டைப் பாக்கட்டும், எங்கம்மா மொதோ ஷெட்டைப் பாக்கட்டும். வேற எதையும் மாத்தாதீங்க."

அப்பா சிரித்துவிட்டார். "பெரியவரு பாத்து முட்டை ஏறிப்போச்சுன்னா?"

"ஏறிப்போச்சுன்னா எங்கம்மாளை நிறுத்திப்போடுங்க. ஆனா எதுக்கு மாத்தறீங்கன்னு ரெண்டு பேருத்துகிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா எங்கம்மா விழுந்து விழுந்து பாக்கும். அப்பறம் அது கணக்குல சேராதுங்க."

திரும்பி வரும்போது, "உனக்குப் பைத்தியமா புள்ள?" என்று கேட்டேன். "எங்கம்மா வேலை எனக்குத் தெரியும்" என்றாள்.

அப்பா மறுநாளே இரண்டு பேரையும் மாற்றிவிட்டார். அந்தப் பத்து நாளும் பள்ளி விட்டதும் நேராக ஷெட்டுக்குத்தான் போவோம். அடுக்கிவைத்த அட்டைகளை அவள் எண்ணுவாள், நான் எழுதுவேன். பிறகு நான் எண்ணுவேன், அவள் எழுதுவாள். முட்டை ஆளோடு போகவில்லை. அவள் அம்மா பார்த்த முதல் ஷெட்டில் ஒன்றும் குறையவில்லை, பெரியவர் பார்த்த இரண்டாம் ஷெட்டில் ஒன்றும் ஏறவில்லை. குறை ஷெட்டில்தான் இருந்தது. ஆனால் ஷெட்டில் என்ன குறை என்று யாருக்கும் புரியவில்லை.

பதினோராம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் அங்கே போய் நின்றோம். மார்கழிப் பனி, இருட்டு விலகவே இல்லை. முதல் ஷெட்டில் பல்பு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது, கோழிகள் விழித்துத் தீவனம் கொத்திக்கொண்டிருந்தன. இரண்டாம் ஷெட் இருண்டு கிடந்தது. முட்டைக்கோழிக்கு வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். அதற்காகத்தான் விடியற்காலை நான்கு மணிக்கே பல்பு போடுவது. முதல் ஷெட்டில் பெரியவர் எழுந்து கையால் சுவிட்ச் போடுவார். வேலை மாறியபோதும் அவருடைய கட்டில் மாறவில்லை, அந்தப் பழக்கமும் மாறவில்லை. இரண்டாம் ஷெட்டுக்கோ அப்பா பெருமையோடு டைமர் வாங்கி மாட்டியிருந்தார். அருகில் போய் அதைப் பார்த்தோம். எங்கள் கைக்கடிகாரத்தில் ஐந்தரை, அதில் இரண்டு. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் அது நின்றுவிடும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். அப்படி நின்று நின்றே மூன்றரை மணி நேரம் பின்தங்கிவிட்டது. விடிந்து எல்லாம் வெளுத்த பிறகுதான் அங்கே பல்பு எரிந்திருக்கிறது.

"இங்க இருட்டா இருக்கறது உங்களுக்குத் தெரியலீங்களா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"தெரியாம என்ன சாமி. அது ஆட்டோமேட்டிக்கு, யாரும் கை வெக்கப்படாதுன்னு உங்கப்பாருதான சொன்னாரு" என்றார்.

அப்பா அன்றே வந்து பார்த்தார். டைமரைக் கழற்றிப் பழைய சாமான் கூடையில் போட்டார், அங்கேயும் சாதாரண சுவிட்ச் வைத்துப் பெரியவரையே போடச் சொன்னார். ஒரு மாதத்தில் முட்டை ஏறிவிட்டது. தோழியின் அம்மாவுக்கு வேலை நிலைத்தது. அந்த அம்மாவிடம் அப்பா மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. கூடையிலிருந்து டைமரை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை, எரிமலைக்குத்தான் கிடைத்தது.

போன மாதம் ராசிபுரத்தில் தோழியின் மகளுக்குக் காதுகுத்து. அவள் அம்மா தலை நரைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சு எப்படியோ அந்தப் பத்து நாளுக்கு வந்தது. உங்களுக்குத் தெரியாமலே உங்களை வைத்துச் சோதனை செய்தோம் என்று தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தெரியாம என்ன சாமி. மூணா நாளே இவ அழுதுகிட்டே சொல்லிப்போட்டா. அப்பறந்தான் எனக்குப் பாடு. ஒரு கை தீவனம் கூட அதிகமா வுழுந்துறப்படாதுன்னு பாத்துப் பாத்துல்ல போட்டேன். எப்பவும் போலதான் பாக்கோணும், அதுலதான் தெரியோணும்னு இருந்தேன்."

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். சோதனைக்கு வேண்டிய விதியை அவளே வகுத்தாள், அவளே மீறினாள். பதினான்கு வயதில் அம்மாவிடம் அதை மறைக்க யாரால் முடியும்? பெரியவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் கையிலும் இரண்டாம் ஷெட் ஏறவில்லை. அதனால் முடிவில் தவறில்லை என்று என் வேலைப் புத்தி உடனே கணக்குப் போட்டது.

"பொழுது விடிஞ்சும் பல்பு எரியுதுங்கன்னு உங்கப்பாருகிட்ட அப்பவே ரெண்டு தடவ சொன்னேன் சாமி. டைமரு தப்பாது, நீதான் எதையாச்சும் நோண்டியிருப்பேன்னாரு" என்றார் அவர். குரலில் குறை எதுவும் இல்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுதானுங்கம்மா சரி" என்றேன். அப்பா இப்போது உயிரோடு இல்லை, நானாவது சொல்ல வேண்டும்.

"அது எனக்கு அப்பவே தெரியுமே" என்றார். சாப்பிட்டாயா என்று விசாரித்தார்.

பரிசோதனைக் கூடத்தில் மாதிரிப் பைகள் மீது ஒட்ட வெள்ளைத் தாள்கள் வைத்திருப்போம். மறுநாள் வேலைக்கு வந்ததும் அதில் ஒன்றை எடுத்து, "பொழுது விடிஞ்சும் பல்பு எரியுதுங்க" என்று எழுதி டைமரின் முதுகில் ஒட்டினேன். என் சார்ட்டில் முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது அதுதான்.