தம்பியின் பத்தியம்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைமறியல் நடந்த வருஷம் அது. எனக்கு ஐந்து வயதிருக்கும். மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மறியலுக்குச் சற்று முன்னால் தம்பிக்கு மார்ச்சளியும் காய்ச்சலும் கண்டு, அப்பா அவனைக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிப்போய் மாத்திரை வாங்கி வந்தார். ஒருவேளைகூட விடாமல் கொடுக்கச் சொல்லி டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாராம். மருந்தென்றால் பத்தியம், அதை டாக்டர் வேறு சொல்ல வேண்டுமா என்பது எங்கள் வீட்டு ஞானம். மோர், தயிர், பழைய சோறு எல்லாவற்றையும் அம்மா நிறுத்திவிட்டாள்.

காய்ச்சல் விட்டது. வயிற்றால் போக ஆரம்பித்தது. அம்மா பயந்தாள். அப்பாவோ, "உள்ள இருக்கற கெட்டதெல்லாம் வெளிய வந்துக்கினு கீது, வுடு" என்று சொல்லிவிட்டு மறியலுக்குப் போனார். விளக்கெண்ணெய் ஊற்றிப் பேதிக்குக் கொடுக்கிற வீட்டில் அது நியாயமாகத்தான் பட்டது.

தம்பி மோர் கேட்டான். அழத் தெம்பில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். பஸ் ஓடாததால் நடந்தே வந்த நர்சம்மா, அவன் கண்கள் உள்ளே போயிருப்பதைப் பார்த்துவிட்டுத் திட்டினார்.

"இந்த மாத்திர வவுத்துல இருக்கற நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுடும்மா. மோர் ஊத்து, உப்பு சக்கரத் தண்ணி குடு. மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க."

"மாத்திர துன்ற புள்ளைக்கு மோராங்க? ஜன்னி கண்டுட்டா இன்னா பண்றதுங்க?" என்றாள் அம்மா. உப்பு சர்க்கரைத் தண்ணீரை மட்டும் கரைத்து ஊற்றினாள். அது அவனுக்குள் தங்கவில்லை. முதல் நாளே மோர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா, தெரியாது.

அப்பாவுக்கு ஆள் போனது. சாலை நெடுகப் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன, அவற்றில் சில அப்பாவே வெட்டியவை. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக் கொல்லை வழியாக ஓடினார். பொழுது சாய்வதற்குள் நடந்து திரும்பி வந்தார். தம்பியின் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்.

பால் ஊற்றிய அன்று அம்மா மோர் கடைந்து, பெரிய டம்ளர் நிறையப் படையலில் வைத்தாள். தம்பிக்குப் பத்தியம் முடிந்துவிட்டது, இனி வந்துவிடுவான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய் அவனுடைய பாயை எடுத்து விரித்தேன். அம்மா என்னை முதுகில் அறைந்தாள். உடம்பு தேறினவனுக்குப் பாய் போட்டால் எதற்கு அடிக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.