கண்ணாடிக்காரரின் நூற்றுக்குத் தொண்ணூறு

"இப்பத் தெளிவா இருக்கா, இதுக்கு முந்தி இருந்தது தெளிவா?" என்று கேட்டபடியே கண்ணாடிக்காரர் விசைப்பலகையில் எதையோ தட்டுகிறார். கடையில் நாள் முழுக்க, வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே கேள்விதான். திரையில் ஒரு பந்தயக் கார் நிற்கிறது. அரை மணி நேரமாக நிற்கிறது. ஓட்டுவதற்கு முன்னால் அதன் நிழல் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்தாக வேண்டுமாம். "முந்தி இருந்ததே நல்லா இருந்துச்சு" என்று வாயை விட்டேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. கீழே கடை, நடுவில் வீடு, அதற்கு மேல் மாடியில் வாடகைக்கு நான். மூன்று வருடத்துக்கு முன்பு தன் கணினியிலிருந்து விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டார். "பெட்டி யாருது? என்னுது. என்னைக் கேக்காம அதுல ஒரு துரும்பு அசையக் கூடாது." அன்று முதல் அவர் கடையில் கண் காட்டப் போகிறவர்களுக்கு ஆபத்து. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கால் மணி நேரம் மூடிக்கொண்டு உட்காரச் சொல்வார். எழுந்து ஓட முடியாத அந்தக் கால் மணி நேரத்தில்தான் லினக்ஸ் பிரசங்கம் நடக்கும். அப்படிக் கட்சி மாறியவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர். நான் மூன்றாவது ஆள்.

"அதுல கேம் எல்லாம் ஓடாதுன்னு சொல்றாங்களே" என்று யாராவது இழுத்தால் போச்சு. "அதெல்லாம் பழைய கதைங்க. இப்ப நூத்துக்குத் தொண்ணூறு ஓடுது. நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் உக்காந்திருக்கார்னு வெச்சுக்குங்க. கேம் விண்டோஸ் பாஷையில பேசும், அவரு லினக்ஸுக்குப் புரியற மாதிரி மாத்திச் சொல்லிடுவாரு." சொல்வது பொய்யில்லை. அவர் பெட்டியில் காரும் ஓடுகிறது, கப்பலும் ஓடுகிறது. சதுரங்கம் தவிர எதுவும் ஆடத் தெரியாத என் பெட்டியிலும்கூட எல்லாம் ஓடுகிறது.

மீதிப் பத்தில்தான் அவர் மகள் இருந்தாள்.

வேலைக்காக வெகு தூரத்து ஊருக்குப் போனவள். தொலைபேசியில் அவளிடமிருந்து "ஒண்ணும் இல்லப்பா" என்பதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. ஆனால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அப்பாவும் பெண்ணும் ஒரே அணியாக ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இறங்குவார்கள். சண்டை ஓய்கிற சின்ன இடைவெளிகளில் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். மேலாளரின் குத்தல், வீட்டுக்காரம்மாவின் கெடுபிடி, தூக்கம் வராத நாட்கள். மனைவியும் கையில் ஏதோ வேலையை வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வீட்டுக்கு வாரம்.

போன மாதம் அந்த விளையாட்டில் ஒரு காவல் புரோகிராமைச் சேர்த்தார்கள். அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க, ஒவ்வொருவர் கணினியையும் துழாவிப் பார்க்குமாம். அதற்கு லினக்ஸ் ஆகாது. ஞாயிறு ஐந்து மணிக்கு இவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"என் வீட்டுக்குள்ள வந்து, பீரோவைத் திறந்து பாத்துட்டுதான் என்னோட விளையாடுவானாம். நல்ல கதையா இருக்கே" என்று என்னிடம் குதித்தார். மகள் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். "ஒரு மணி நேரத்துக்கு விண்டோஸ் போடுங்கப்பா. யாருக்குத் தெரியப் போகுது?" "எனக்குத் தெரியுமே" என்றாராம். விளையாட்டு நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினார், பதிலில்லை. இரண்டு ஞாயிறு வெறுமனே கழிந்தது. அதற்குள், தன்னோடு வேலை செய்கிற ஒருவனை அவர் இடத்தில் சேர்த்துக்கொள்ளப் போவதாக அவள் சொல்லிவிட்டாள்.

"நல்லதுதான, துணைக்கு ஆள் வேணுமில்ல" என்று கடையில் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்கு முன்னால் வந்தவர் கண்ணில் மருந்தோடு உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரமும் அவரிடம் லினக்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மனிதர் நிம்மதியாக இருந்தார்.

நேற்று ஞாயிறு. ஐந்து மணி தாண்டி இறங்கிப் போனேன். பெரிய கணினி அணைந்து கிடந்தது. சாப்பாட்டு மேசையில், பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மனைவியின் பழைய மடிக்கணினி இரைந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் கட்சி மாறாமல் விண்டோஸிலேயே இருந்த ஒரே பெட்டி. "என்னோடதுல கை வெச்சீங்கன்னா பாருங்க" என்று மூன்று வருடமாக அந்தம்மா காப்பாற்றி வைத்திருந்தது. இப்போது அதை அவரேதான் எடுத்து வந்து கணவர் முன்னால் திறந்து வைத்திருக்கிறார். திரையில் மனிதர்கள் அட்டைப்பெட்டிகளைப் போல விட்டு விட்டு நகர்ந்தார்கள்.

"லினக்ஸ்லயே ஓட வெச்சுட்டீங்களாப்பா?" மகளின் குரல்.

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் சொல்றேன். உன் ஆபீஸ் ஆளு எங்க?"

"வேணாம்னுட்டேன்பா. அவனுக்குச் சுட மட்டும்தான் தெரியுது."

எதிரிகள் நாலு பக்கமும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு குண்டுகூடச் சுடாத தன் ஆளை அவர் மெல்ல நடத்திக்கொண்டு போய், ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "இப்பச் சொல்லும்மா."