தெரியாது என்று எழுதிய கட்டம்

எங்கள் வீட்டில் பால் குடிக்காதவர்கள் இருவர், அம்மாவும் நானும். அம்மாவை அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அம்மா லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாலில்லாத கோப்பி குடித்து வளர்ந்தவர், பழகவில்லை என்று விட்டுவிடுவார். என்னை விடமாட்டார். என்னுடையது வெறும் கொழுப்பு என்பார். செனாய் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து காலையில் வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் பால்மாவைக் கரைத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பள்ளி வேன் எங்கள் தாமானின் வீட்டு வரிசைகளைத் தாண்டுவதற்குள் வயிறு கடமுடா என்று ஆரம்பித்துவிடும். மூன்றாம் ஆண்டில் நான் வகுப்பறைக்கு அடுத்தபடியாக அதிகம் பார்த்த இடம் பள்ளிக் கழிவறை.

அந்த ஆண்டு எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக ஓர் அறிவியல் ஆசிரியை வந்தார். பாடநூலில் செரிமானப் பாடத்துப் பையன் ரொட்டியும் வெண்ணெயும் தின்றுகொண்டிருந்தான். ஆசிரியை அந்தப் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டு, காலையில் யார் யார் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். தோசை, நாசி லெமாக், மீ கோரெங், முதல்நாள் சோறு, ஒன்றுமில்லை என்று பதில்கள் வந்தன. ஒன்றுமில்லை என்றவளுக்குத் தன் டப்பாவிலிருந்து ஒரு தோசை கொடுத்தார். இன்னொரு தோசையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் ஊற்றி, இதுதான் வயிறு, பிசையுங்கள் என்று வரிசையாகக் கைமாற்றிவிட்டார். என் முறை வந்தபோது அது கண்கொண்டு பார்க்கிற நிலையில் இல்லை. அன்று ஓய்வு நேரத்தில் பாதிப்பேர் சாப்பிடவில்லை.

வயிற்றைப் பற்றிப் பேச்சு வந்த தைரியத்தில் நான் பால் விஷயத்தைக் கேட்டுவிட்டேன்.

"சில பேரு வயித்துக்குப் பால் ஒத்துக்காதும்மா. அது கொழுப்பு இல்ல. குடும்பத்துலயே வரலாம். வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்கா?"

அம்மாவுக்கு என்றேன். அப்படியானால் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார். வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு. வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். கையெழுத்து இல்லாத எதையும் நம்பாதவர். "வாயால சொன்னா ஆச்சா? டீச்சர எழுதித் தரச் சொல்லு, நிப்பாட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

நல்ல காலம், அடுத்து வந்தது மரபைப் பற்றிய பாடம். ஆசிரியை ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கீழே நான், மேலே அப்பா அம்மா, அதற்கும் மேலே நான்கு கட்டங்களில் தாத்தா பாட்டிகள். யாரிடமிருந்து யாருக்கு என்ன வந்தது என்று எழுதிவர வேண்டும். சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுத் தருவார். எனக்கு அந்தக் கையெழுத்துதான் வேண்டியிருந்தது.

அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது: பால் ஒத்துக்கொள்ளாத வயிறு. ஒன்றை மட்டும் எழுதினால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும் என்று, உள்பக்கம் வளைந்த சுண்டுவிரல், ஒட்டிய காதுமடல் என்று இன்னும் இரண்டைச் சேர்த்தேன். அம்மாவுடைய அப்பாவின் கட்டம் இன்னும் சுலபம். தோட்டத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அம்மாவைப் பார்த்ததும் "அப்பன அப்படியே உரிச்சு வெச்சிருக்கா" என்பார்கள். ஆகவே தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தவை நடை, சிரிப்பு, முகம் என்று யோசிக்காமல் எழுதினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா சீனர் வீட்டில் பிறந்தவர். பிறந்த சில நாட்களிலேயே, பிள்ளையில்லாமல் இருந்த தாத்தாவும் பாட்டியும் எடுத்து வளர்த்தார்கள். பெற்றவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. எடுத்து வளர்த்தது எங்கள் வீட்டில் ரகசியமில்லை, மறைக்கவும் முடியாது. பசாரில் மீன் விற்கிறவர் அம்மாவிடம் சீனத்தில் பேச ஆரம்பிப்பார். அம்மா பொட்டு வைத்த நெற்றியைச் சுளித்து, தோட்டத்து மலாயில் விலை கேட்பார். சுவரில் மாட்டியிருந்த படத்தில் தாத்தா நல்ல கறுப்பு, முறுக்கிய மீசை. ஆனாலும் உரிச்சு வெச்சிருக்கா என்று சொன்னவர்கள் யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னவர்களுக்கும் உறுத்தவில்லை, கேட்ட எங்களுக்கும் உறுத்தவில்லை.

உறுத்தியது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு. வகுப்பில் நான் தாளைச் சத்தமாக வாசித்து, முகம் என்ற இடத்துக்கு வந்ததும் துள்ளி எழுந்தாள்.

"அலமாக்! டீச்சர், அவ அம்மா சைனீஸ் லா! தாத்தா முகம் எப்படி வரும்?"

வகுப்பே சிரித்தது. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க என்று கத்தினேன், அழுதும்விட்டேன். அம்மாவைச் சொல்லிவிட்டாள் என்று அழுததாக ஆசிரியை நினைத்திருப்பார். உண்மையில் என் கவலை பாலைப் பற்றியது. இதைத் தப்பு என்று அடித்தால் தாள் முழுக்கத் தப்பாகிவிடும், கையெழுத்து கிடைக்காது, மறுநாள் காலை அப்பா கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

ஆசிரியை என் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கொடுத்த தாளிலேயே ஒரு குறை இருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு எல்லோரையும் நீலப் பென்சிலும் சிவப்புப் பென்சிலும் எடுக்கச் சொன்னார். பிறப்பில் வந்ததற்கு நீலம், கூடவே வளர்ந்து வந்ததற்குச் சிவப்பு. "ரெண்டுமே வந்ததுதான். எது எப்படி வந்துச்சுன்னு பிரிச்சுப் பாக்கறதுதான் அறிவியல்" என்றார். சிரித்தவர்கள் எல்லோரும் குனிந்து எழுத வேண்டியதாயிற்று. என்னைக் கேலி செய்தவள் அவள் அப்பாவின் குறட்டைக்கு எந்த நிறம் என்று கேட்டு வசமாக மாட்டிக்கொண்டாள்.

தாத்தாவின் நடையும் சிரிப்பும் சிவப்பில் தங்கின. முகத்தை அழித்தேன். நீலத்தில் எழுத ஒன்றுமில்லை. என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"தெரியலன்னா தெரியாதுன்னு எழுதும்மா. அதுவும் சரியான பதில்தான்."

தெரியாது என்று நீலத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார், கையெழுத்தை வெளிச்சத்தில் பார்த்தார். "சரி, இனிமே உனக்குப் பால் வேணாம்" என்றார். அத்துடன் என் விவகாரம் முடிந்தது, நான் விளையாடக் கிளம்பினேன். அம்மா விடவில்லை. அப்பா கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார். தெரியாது என்ற இடத்தில் விரலை வைத்தார். விரலை அப்படியே கீழே இறக்கி என் வரிசைக்கு வந்து, அதையே திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு என் கையை இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு சுண்டுவிரல்களையும் பார்த்தார். அலமாரிக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, என் முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தார், தன் காதைப் பார்த்தார். கால்விரல்களை விரிக்கச் சொன்னார். அடுப்பில் குழம்பு அடிபிடிக்கிற வாசம் வந்து அப்பாதான் ஓடிப்போய் அணைத்தார்.

"வேற என்னம்மா இருக்கு? டீச்சர் வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

நான் பொய் எழுதவில்லை, டீச்சரே பார்த்துவிட்டார் என்றேன். "பொய்யின்னு யாரு சொன்னா?" என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. தெரியாது என்று எழுதிவந்த கட்டம்தான் காரணம் என்று எனக்குப் பட்டது. வேண்டுமானால் அழித்துவிட்டுப் பழையபடி எழுதிவிடுகிறேன் என்றேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். ஆனால் என் கையை மட்டும் விடவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பக்கத்து விசேஷங்களில் திரும்புகிற இடமெல்லாம் அத்தையின் மூக்கும் சித்தப்பாவின் நெற்றியும் நடமாடும். என்னையும் அந்தப் பக்கத்து ஜாடை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஜாடை எல்லோருக்கும் கிடைப்பது, தண்ணீர் மாதிரி, என்று நினைத்திருந்தேன். தன்னைப் போல ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஒருத்தர் முப்பது வயதுவரை வாழ்ந்திருக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்த உலகத்தில் அவர் ஜாடை இருந்த ஒரே ஆள் நான். நானோ, விளையாட நேரமாகிறது என்று கையை உதறிக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன்.