போகிக் கீரைக்கு உப்பு

மலாயாவுக்கு விடுதலை வந்து மெர்டேக்கா கொண்டாடிய மாதம் மாமனார் போய்ச் சேர்ந்தார். ஓராண்டுத் துக்கம் கழிந்து வந்த முதல் போகியன்று, மலாக்கா காஜா பெராங் வீட்டின் அடுக்களையில், ஒரு கூடைக் கீரையை முன்னால் வைத்துக்கொண்டு நான் வியர்த்துக் கொட்டினேன்.

என் கணவர் வீட்டார் மலாக்காச் செட்டிகள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது அவர்களுடைய மலாய். நானோ ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பெண். போகிக்கு முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதை அவர்கள் பர்ச்சு என்பார்கள். பர்ச்சுச் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. கரண்டியை நக்குவது கிடக்கட்டும், ஆவியை மூக்கு நிறைய இழுத்தாலே முறைப்பார்கள். எனக்கு ருசி பார்க்காமல் வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும். மாமனாருக்குப் பிடித்தது தண்டுக்கீரை. காய்ந்த இறாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைக்க வேண்டும். தோட்டத்தில் நாங்கள் இதே கீரையைப் பூண்டு போட்டுக் கடைவோம். பக்கத்து வீட்டுச் சீன அம்மா நெத்திலியோடு சூப் வைப்பார். பின்வாசல் பாத்தி மாமனார் போட்டதுதான். கடுகைவிடப் பொடியான அந்தக் கறுப்பு விதையை ஒரு பால் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். கடைசி ஆறு மாதம் கால் வீங்கிப் படுத்துவிட்டார். டாக்டர் சொன்ன பத்தியச் சோற்றை மாமியாரே ஊட்டுவார், அந்நேரம் அறைக்குள் யாரையும் விடமாட்டார்.

போகிக்கு ஒரு வாரம் முன்பு மாமி என்னைக் கூப்பிட்டார். அவர்கள் மலாயில் பேசியதை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன்.

"அவருக்குக் கீரைக்கறி நீதான் வைக்கணும்."

நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. "இவளுக்கு ரப்பர் மரத்துல பால் வெட்டத் தெரியும். பர்ச்சுக்குக் கீரை வைக்கத் தெரியுமா? அப்பாவுக்கு இது முதல் இலைம்மா!"

"என் கையால முடியாது. அவ வைக்கட்டும்."

"கெடுத்துட்டா?"

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கெடுத்துட்டா, இனிமே பர்ச்சு அன்னைக்கு அவ அடுப்புப் பக்கம் வர வேணாம்."

வீட்டு மருமகளைப் பர்ச்சு அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால், பிறகு அவள் அந்த வீட்டில் விருந்தாளிதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வைத்துக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்தக் கறுவல்தான் என்னைக் கெடுத்தது. போகியன்று நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு அடுக்களை வாசலிலேயே நின்றார். "உப்புப் போட்டியா?" என்றார், கீரை சட்டிக்குள் போன மறு நொடியே.

"எனக்குத் தெரியும் அக்கா," என்று வெடுக்கெனச் சொல்லி, இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் பச்சைக் கீரையின் மேலேயே போட்டேன்.

கீரை வெந்தால் சுருங்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெந்த பிறகு உப்புப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். அன்று வீம்பில் எல்லாம் மறந்துபோனது. கொஞ்ச நேரம் கழித்து மூடிய தட்டைத் தூக்கினேன். சட்டி நிறைய இருந்தது அடியில் ஒட்டிக் கிடந்தது. அதற்குள் கூடைக் கீரைக்கான உப்பு முழுவதும் இருந்தது. போதாததற்கு இறாலின் உப்பு வேறு.

மறுபடி வைக்க வழியில்லை. பாத்தியைக் காலையிலேயே மொட்டையடித்திருந்தோம். பிழிய வேறு தேங்காயும் இல்லை. சொல்லியிருக்கலாம். வாசலில் நின்ற முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். வாயில் வைக்க முடியாததை இறந்த மனிதருக்குப் படைக்கிறோம் என்று தெரிந்தே பரிமாறினேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இலைகளில் எல்லாம் வைத்தாயிற்று. கும்பிட்டுவிட்டு, முன்னோர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி வெளியே நின்றோம். உள்ளே மாமனார் கீரையில் கை வைக்கிறார், துப்புகிறார் என்றே என் மனதில் ஓடியது. கணவர் என் கையைத் தொட்டுப் பார்த்து, "ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றார். கையை இழுத்துக்கொண்டேன்.

படைத்ததை நாங்கள் சாப்பிட, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனோம். மாமி நேரே மாமனாருடைய இலையின் முன் உட்கார்ந்தார். அவர் கை கீரையை நோக்கிப் போனபோது என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"தொடாதீங்க மாமி. உப்பு ரொம்ப அதிகம். தெரிஞ்சேதான் வச்சேன்."

மாமி வாயில் போட்டுக்கொண்டார். மெல்லுவது நின்றது. நாத்தனார் ஒரு விரல் தொட்டு நக்கி, "அடோய், மாசின்! கடல் தண்ணிதான்!" என்று கத்தினார். "பார்த்தியாம்மா, அப்பா இலையில போய்—"

"சும்மா இரு."

மாமி இன்னொரு வாய் எடுத்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"ஆறு மாசம் கேட்டாரு. ஒரு கல்லு உப்புப் போடுன்னு கெஞ்சுனாரு. டாக்டர் கூடாதுன்னாருன்னு நான் போடல. கடைசி நாளும் சப்புன்னு இதே கீரையைத்தான் ஊட்டினேன். முகத்தைத் திருப்பிக்கிட்டாரு."

அந்த இலையில் இருந்த கீரை முழுவதையும் அவர் ஒருவரே வழித்துச் சாப்பிட்டார். பிறகு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருஷமும் நீயே வை. இதே உப்பு."